பொருத்தம் பார்ப்பவரும் இல்லாத முயலும்

செய்தி மாலை நாலேகால் மணிக்கு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அப்போது கடையின் உள்ளறையில் இருந்தார். எதிரே ஒரு வங்கி ஊழியர், கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் சுமந்தபடி, ஒரு கண் மறைக்கப்பட்டு, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை மற்றொரு கண்ணால் முறைத்துக்கொண்டிருந்தார். "இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அழைத்தது மனைவி.

"முயல் செத்துப்போச்சுங்க," என்றாள்.

அவர் பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வங்கி ஊழியர் சோதனைச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தன் கண்ணைப் பற்றித்தான் ஏதோ சேதி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"எப்படி?" என்று கடைக்காரர் கைபேசியில் கேட்டார்.

"வாங்க, சொல்றேன். கடையச் சாத்திட்டு வாங்க."

"வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" என்றார் வங்கி ஊழியர்.

"முயல் போயிடுச்சு."

"அடடா. ரொம்ப நாளா வளர்த்தீங்களோ?"

அதற்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் கடைச் சாவியைத் தேடத் தொடங்கிவிட்டார் என்பது ஒரு காரணம். அந்த வீட்டில் முயலே கிடையாது என்பது இன்னொரு காரணம்.

ஆம், முயல் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத முயல் எப்படிச் செத்தது, அது செத்ததற்காக வயது வந்த ஒரு மனிதர், வந்த வாடிக்கையாளரின் மறைத்த கண்ணைத் திறந்துவிடக்கூட மறந்து, கடையைச் சாத்திக்கொண்டு எதற்காக ஓடினார் என்பதெல்லாம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால், பொருத்தம் பார்ப்பவர் என்ற மனித இனத்தைப் பற்றி நீங்கள் முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவரைக் கஞ்சனோடு சேர்த்துவிடாதீர்கள். கஞ்சன் வாங்கக் கூடாது என்று தீர்மானித்தவன். அவனிடம் தீர்மானம் என்ற ஒன்று இருக்கிறது. சோம்பேறியோடும் சேர்க்காதீர்கள். பொருத்தம் பார்ப்பவரைப் போல் உழைக்கிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு குடை வாங்க வேண்டுமென்றால் ஊரில் உள்ள குடைக் கடைகளை எல்லாம் ஏறி இறங்கி, ஒவ்வொரு குடையையும் விரித்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, கக்கத்தில் இடுக்கிப் பார்த்து, கைப்பிடி தன் கைக்குச் சரியாக இருக்கிறதா, கம்பி தன் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா, துணியின் கறுப்பு தன் சுபாவத்துக்கு ஒத்துவருமா என்றெல்லாம் அலசி ஆராய்ந்து, கடைசியில் தொப்பலாக நனைந்து வீடு திரும்புவார். மழை அவருக்காகக் காத்திருக்குமா?

தலையணைக் கடையில் இவர் கண்ணை மூடிப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில், விற்பனையாளர் பரிதாபப்பட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போன சம்பவமும் உண்டு. இவர் வீட்டு வாசலில் அழைப்புமணி வைக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருக்கும். எந்த ஓசை வீட்டுக்குப் பொருந்தும் என்பது இன்னும் முடிவாகவில்லை. வருகிறவர்கள் அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கூப்பிட வேண்டியதுதான்.

இவர்களுடைய பேச்சை வைத்தும் அடையாளம் கண்டுகொள்ளலாம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்குப் பொருந்தணுமே." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டிவிடுவார்கள். வாக்கியத்தின் முதல் பாதி கடைக்காரனுக்கு நம்பிக்கை தரும். இரண்டாம் பாதி அவனைக் கிழவனாக்கும்.

நம்முடைய கண்ணாடிக் கடைக்காரருக்கு வாய்த்த தொழிலும் அப்படி. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் இதுவா அதுவா என்று கேட்பதுதான் வேலை. அவர்கள் "இது" என்பார்கள். அவர் எழுதிக்கொள்வார். ஊரே அவர் கையால் தெளிவாகப் பார்த்தது. அவருடைய சொந்தக் கண்ணாடியின் ஒரு கால் மட்டும் உடைந்து, நூல் சுற்றிக் கட்டியபடி காதில் தொங்கியது. கடையில் சுவர் முழுக்க பிரேம்கள். அவற்றில் அவர் முகத்துக்கு ஒன்று அமைய வேண்டுமே. தெருவில் அவருக்கு 'இதுவா அதுவா' என்றே பெயர்.

முன்பெல்லாம் இவர் இப்படி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறந்ததிலிருந்தே இப்படித்தான். ஆனால் வெளியே தெரியாமல் இருந்தது. காரணம், அடுத்த தெருவில் அவருடைய அக்கா இருந்தாள். இரண்டு சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவார். அவள் கையில் இருக்கும் வேலையை விடாமல், முகவாயால் ஒன்றைக் காட்டி, "அது," என்பாள். அவ்வளவுதான். கடைக்கு எந்த இடம் என்பதையும் அந்த முகவாய்தான் காட்டியது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண் தினமும் கடை வாசலில் வண்டியை நிறுத்துவதைக் கவனித்துவிட்டு, "அவதான். போய்ப் பேசு," என்று சொன்னதும் அவள்தான். அவர் போய்ப் பேசினார். கல்யாணம் ஆயிற்று. மகள் பிறந்தாள்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். நல்லபடியாகத்தான் இருந்தாள், ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை.

மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அதுவரை பள்ளி விட்டதும் அவள் நேராக அத்தை வீட்டுக்குத்தான் போவாள். "வந்துட்டேன் அத்தை" என்று இவள் கதவைத் தள்ளினால், "கையக் கழுவு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இப்போது அம்மா யாரையாவது காரில் பக்கத்தில் உட்காரவைத்து வட்டமடித்துக்கொண்டிருப்பாள்; அப்பா யாருக்காவது எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருப்பார். மகள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவியால் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, கதவத் தொறந்தா உள்ள யாராவது இருக்கணும்பா. ஒரு முயல் போதும்."

ஒரு முயல் போதும். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு சின்ன ஆசை. பொருத்தம் பார்ப்பவருக்கு அது ஒரு பெருங்காடு. எந்த முயல்? நீள முடி முயல் பார்க்க மேகம் மாதிரி இருக்கிறது. ஆனால் தினமும் சீவிவிட வேண்டுமாம், மகளுடைய தலையையே ஒழுங்காகச் சீவ நேரமில்லாத வீட்டில் முயலுக்கு யார் சீவுவது? தொங்கு காது முயல் சாதுவாம். ஆனால் மடிந்த காதுக்குள் அழுக்கு சேருமாம். குட்டி இனம் துள்ளும், பயப்படும். பெரிய இனம் நிதானம்தான், ஆனால் பின்னங்காலால் உதைத்தால் ஆளே சாய்ந்துவிடுவானாம். ஒற்றையாக வளர்த்தால் ஏங்கிப்போகுமாம். ஜோடியாக வளர்த்தால், கொஞ்ச நாளில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்துவிடும். அது பத்து வருடம்கூட இருக்குமாம். பத்து வருடம் கழித்து மகள் எங்கே இருப்பாளோ, முயலை யார் கவனிப்பது? அதற்கு முன்பே போய்விட்டால்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவர் யாரிடமும் சத்தமாகக் கேட்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டார். சோதனைச் சட்டம் மாட்டிய மனிதனால் எழுந்து ஓட முடியாது அல்லவா?

"கடைசி வரி படிங்க."

"ம... ட... அது 'ப'வா?"

"பரவால்ல. வீட்ல முயல் வளர்த்திருக்கீங்களா?"

ஊரில் முயல் விற்பவள் ஒருத்திதான். சலவைக் கடை நடத்துகிறவள். கடைக்குப் பின்னால், காயும் துணிகளுக்குக் கீழே, வரிசையாகக் கூண்டுகள் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் நின்றார்.

"இது எப்படிப்பட்ட சுபாவம்?" என்று ஒரு சாம்பல் நிற முயலைக் காட்டிக் கேட்டார்.

"முயல் சுபாவம்," என்றாள் சலவைக்காரம்மா, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல்.

"இல்ல, எங்க வீடு கொஞ்சம் அமைதியான வீடு."

"அதுக்கும் பேச வராது. எடுத்துட்டுப் போங்க."

"எங்க வீட்ல மதிய நேரத்துல ஆள் இருக்க மாட்டாங்க."

"மதியத்துல அது தூங்கும். உங்களத் தேடாது."

எல்லாப் பக்கமும் பொருந்திவிட்டது. பொருத்தம் பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அவர் அவசரமாக அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். அதில் ஒரு வெள்ளை முயல் இருந்தது, சிவப்புக் கண்களோடு. அது அவரைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டியது. மறுபடியும் ஆட்டியது.

கண் விஷயம் அல்லவா, கடைக்காரர் குனிந்தார். "இந்த மாதிரி செவப்புக் கண்ணுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்மா," என்று மகளிடம் விளக்கினார். "எதிர்ல இருக்கறது எவ்வளவு தூரம்னு பிடிபடாது. அதான் இப்படி ஒரு தடவ, அப்படி ஒரு தடவ தலைய நகர்த்திப் பாக்குது."

"அப்பா, உங்கள மாதிரியே பண்ணுது. இதுவா அதுவான்னு."

அந்த நிமிடமே மகள் முடிவு செய்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சலவைக்காரம்மா அட்டைப்பெட்டியை எடுக்கக் கையையும் நீட்டிவிட்டாள். கடைக்காரர் நிமிர்ந்து, முழங்காலைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"பாக்கலாம்."

பாக்கலாம் என்பது ஒரு வார்த்தை அல்ல, ஒரு கதவு. சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிற கதவு. இல்லை என்று சொன்னால் பிள்ளை அழுது தீர்த்துவிட்டு வேறு வேலை பார்க்கும். பாக்கலாம் என்று சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பின்னால் வரும்.

"எத்தன ஞாயித்துக்கிழமதான் பாப்பீங்க?" என்று சலவைக்காரம்மா பின்னாலிருந்து கேட்டாள். "உங்களப் பாத்துப் பாத்து அதுங்களுக்கே அலுத்துப்போச்சு."

மனைவி ஒருநாள் பொறுமை இழந்தாள். அவளுடைய தொழிலில் முடிவெடுக்காமல் நிற்பவர்கள் நாற்சந்தியில் மூக்குடைந்து போவார்கள். "என்னங்க, அந்த வெள்ள முயலக் கொண்டாந்துடலாமே. கொழந்த ஆசப்படறா."

"கொண்டாரலாம். ஆனா ஒண்ணு யோசிச்சியா? முயல் நம்ம வீட்டுக்குப் பொருந்துமான்னுதான் இத்தன நாள் பாத்தோம். நம்ம வீடு முயலுக்குப் பொருந்தணுமே?"

"அதுக்கு?"

"ஒத்திகை பாத்துடுவோம். முயல் வந்துட்டதா நெனச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் இருந்து பாப்போம்."

"வலது பக்கம் கையக் காட்டிட்டு நேராப் போறவங்கள எல்லாம் நான் திருத்தியிருக்கேன்," என்றாள் மனைவி. "உங்கள எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

ஆனால் ஒத்திகை தொடங்கிவிட்டது. முன்னறை மூலையில் ஒரு தட்டையான கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்தில் ஒரு கூடையில் காய்ந்த புல். முயல் ஒயரைக் கடிக்குமாம். எனவே எல்லா ஒயர்களும் தரையிலிருந்து மேலேறின. மேசை விளக்கின் ஒயரை, அக்காவின் படத்துக்காகச் சுவரில் அடித்து வைத்திருந்த ஆணியில் சுற்றி மாட்டினார். ஆணி சும்மாதான் இருந்தது. அக்காவின் படங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறாள், ஆனால் கண் பாதி மூடியிருக்கிறது. இன்னொன்றில் கண் நேராகப் பார்க்கிறது, ஆனால் சிரிப்பில்லை. இரண்டும் அலமாரி மேல்தட்டில் ஓர் உறைக்குள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு முயல் வேடத்தில் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவன், கதவு கொள்ளாத உடம்பு, தன் அக்கா வீட்டில் எது சொன்னாலும் தட்டாத மனசு.

"மச்சான், சோபாவுக்கு அடியில போ."

"மாமா, பத்தாவது மாடியில ஒத்தக் கயித்துல தொங்கறவன் நான். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்து உள்ளே போனான். தோள்வரை போனான். அதற்குமேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"மாமா, மாட்டிக்கிட்டேன்."

"பேசாத. முயல் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுமோ அதப் பண்ணு."

சோபா ஒருமுறை மேலே எழும்பிக் கீழே இறங்கியது. பிறகு குரல் வந்தது. "திட்டும் மாமா."

மகள் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை; அளவு நாடாவால் சோபாவின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். மறுநாள் சோபாவின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் சோபாவில் உட்கார்ந்தாலும் கால் தரையைத் தொடவில்லை. விருந்தாளிகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல் காலை ஆட்டிக்கொண்டு பேசினார்கள்.

மைத்துனன் வேலைக்குப் போக வேண்டியவன். திங்கட்கிழமையிலிருந்து முயல் உடம்பில்லாமல் வாழத் தொடங்கியது. அதற்கு ஒரு பெயரும் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, "யாரோட பேசிட்டிருக்க?" என்று கேட்டபோது மகள், "சும்மா," என்றாள். முயலின் பெயர் சும்மா என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மனிதர்கள் எதற்கு வேண்டுமானாலும் பழகிவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டே வாரத்தில் அந்த வீட்டில் எல்லோரும் குனிந்து பார்த்து நடந்தார்கள். வாசல் கதவை விரலளவு திறந்து, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பால் போடுகிறவர்கூட, "உள்ள இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார். மனைவியே ஒருநாள் இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவள், காலில் ஏதோ பட்டதும், "ஐயோ, மிதிச்சுட்டனா," என்று பதறிப் பின்வாங்கி, அது தன்னுடைய செருப்புதான் என்று தெரிந்து, தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு போய்ப் படுத்தாள்.

கடைக்காரருக்கோ கவலை கூடிக்கொண்டே போனது.

"புல்லு வெச்சது வெச்சபடி இருக்கு. அதுக்கு உடம்பு சரியில்லையோ?"

"இல்லாத முயல் எப்படிங்க திங்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். இருந்திருந்தா இந்நேரம் தின்னிருக்கணும்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சரி, போகட்டும் என்று மனைவி வேறு வழியில் வந்தாள்.

"ஒத்திகதான் முடிஞ்சுதே. அந்த வெள்ள முயலக் கூட்டிட்டு வந்துடுவோமா?"

கடைக்காரர் அதிர்ந்துபோனார். உடைந்த கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, நூலைச் சரிசெய்து மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"வீட்ல இருக்கற முயலே இன்னும் பழகல. அதுக்குள்ள இன்னொண்ணக் கொண்டாந்தா ரெண்டும் ஒத்துப்போகுமா? கடிச்சுக்கிட்டா?"

ஆக, ஓர் இல்லாத முயல், இருக்கிற முயலை வீட்டுக்குள் விடாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. பொருத்தம் பார்ப்பவர் இனத்தின் வரலாற்றில் இது ஒரு சிகரம். குடை வாங்காதவர் உண்டு, மணி வைக்காதவர் உண்டு. கற்பனை முயலின் மனம் கோணக் கூடாது என்பதற்காக நிஜ முயலை ஒத்திப்போட்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தச் செய்தி நாள் வந்தது. அன்று மனைவியிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு விளக்குக் கம்பத்தை முட்டிவிட்டார். பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டு, நசுங்கிய வண்டியோடு அவள் சீக்கிரமே வீடு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது மகள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அம்மாவை அவள் பார்க்கவில்லை.

"வந்துட்டேன்," என்று மகள் வெறும் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள்.

சொல்லிவிட்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒருவர் "கையக் கழுவு" என்று சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு மெதுவாக, "சரி, நீ தூங்கு," என்று சொல்லிவிட்டு, காலைப் பார்த்து வைத்து உள்ளே போனாள்.

மனைவி காரின் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கைபேசியை எடுத்தாள். நாலேகால் மணிக்குக் கண்ணாடிக் கடைக்குப் போன செய்தி உங்களுக்குத் தெரியும்.

கடைக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வந்தவுடன் விசாரணை.

"எப்படி ஆச்சு?"

"நான்தான். வண்டியப் பின்னால எடுக்கும்போது அடிபட்டுடுச்சு."

"நீயா? மூணு கண்ணாடியும் பாக்காம வண்டிய எடுக்க மாட்டியே."

"பாத்தேங்க. இல்லாதது எந்தக் கண்ணாடியில தெரியும்?"

"எந்தச் சக்கரம்? எடதா, வலதா?"

அதற்குள் மைத்துனன் வேலை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்தான். அவனுக்கும் சொல்லியிருந்தாள். அவன் உயர்ந்த சோபாவில் ஏறி உட்கார்ந்து, தொங்கும் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னையே அடிச்ச மாதிரி இருக்கு மாமா."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நசுங்கிய வண்டியைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அம்மா லேசாகத் தலையசைத்தாள். பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

"அப்பா, பொதைக்கணும்ல?" என்றாள்.

மகளுடைய பழைய செருப்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்குள் கூடையிலிருந்த புல்லைப் பரப்பி மூடினார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. மைத்துனன் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடந்தான். அது கனமாக இருப்பதுபோலவே நடந்தான். கடைக்காரர் மண்வெட்டியோடு முன்னால் போனார். துணி காயும் கம்பத்தடியில் நின்றார். யோசித்தார். சுவரோரமாகப் போய் நின்றார்.

"இங்கயா... இல்ல, அங்கயா?"

மைத்துனன் பெட்டியோடு இரண்டு பக்கமும் திரும்பினான்.

அவர் மண்வெட்டியைப் பிடித்தபடி, தன்னையறியாமல், பக்கவாட்டுச் சந்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த தெருவிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வருவார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, வந்த வேகத்தில் நிற்காமல், முகவாயைத் தூக்கி ஒரு பக்கம் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிற ஒருத்தி வருவாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சந்து காலியாக இருந்தது.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அழுதார்.

அக்கா போன அன்று அவர் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். கல் நெஞ்சு என்றுகூட ஒருவர் சொன்னார். கல் நெஞ்செல்லாம் இல்லை. அழ நேரமில்லை. அன்று முழுக்க இரண்டு கைகளிலும் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு, எதைச் சட்டம் போடுவது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடிவாகிவிட்டால் அழலாம் என்று இருந்தார். முடிவாகவில்லை.

புல் மட்டும் இருக்கிற ஒரு செருப்புப் பெட்டிக்காகப் பெரிய மனிதர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தேம்புவதை நினைத்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அங்கே யாரும் சிரிக்கவில்லை. மைத்துனன் பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் ஏந்திக்கொண்டே நின்றான். மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவருடைய உடைந்த கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள்.

மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகவாயைத் தூக்கிச் சுவரோரத்தைக் காட்டினாள்.

"அங்க," என்றாள்.

கடைக்காரர் மகளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். சுவரோரமாகத் தோண்டினார். பெட்டியை வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்கள். எல்லாம் முடிந்து கை கழுவும்போது மகள் கேட்டாள்.

"இப்ப நம்ம வீட்ல முயல் இல்லல்லப்பா?"

"இல்லம்மா."

"அப்ப கடிச்சுக்காதுல்ல?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். 'ஆனா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மனைவி கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். "ஏறுங்க," என்றாள்.

சலவைக் கடையில் கடைசித் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை முயல் கூண்டில் இருந்தது. அவர்களைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. பக்கத்துக் கூண்டில் புதிதாக ஒரு பழுப்பு முயல் வந்திருந்தது; அதுவும் லட்சணமாகத்தான் இருந்தது. கடைக்காரரின் கண் அந்தப் பக்கம் நழுவியது.

"இதுவா..." என்று ஆரம்பித்தார்.

மகளின் முகவாய் நிமிர்ந்தது. மீதி வார்த்தை வெளியே வருவதற்குள் வெள்ளை முயல் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. சலவைக்காரம்மா இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக இதற்காகவே கையைப் பழக்கி வைத்திருப்பாள் போலும்.

"வீட்ல வேற முயல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "இருந்தா ஒடனே ஒண்ணா விடக் கூடாது."

"இருந்துது," என்றார் கடைக்காரர். "இன்னிக்குத்தான் போச்சு."

சலவைக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அடப் பாவமே. அதான் இத்தன நாள் தயங்கினீங்களா? இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பனா?"

வீட்டுக்கு வந்து முன்னறை நடுவில் பெட்டியை வைத்துத் திறந்தார்கள். நான்கு பேரும் சோபாவில் ஏறி, எட்டுக் கால்களையும் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். முயல் வெளியே வரவில்லை. பெட்டியின் விளிம்புக்கு மேல் முகத்தை நீட்டி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியது. சோபாவைப் பார்த்துத் தலையை ஆட்டியது. மைத்துனனைப் பார்த்து நெடுநேரம் ஆட்டியது.

"புடிக்கலையோ?" என்றான் மைத்துனன்.

"அவசரப்படுத்தாத மச்சான்," என்றார் கடைக்காரர் கிசுகிசுப்பாக. "அதுக்கும் பொருந்தணும்ல."

மறுநாள் பள்ளி விட்டு வந்த மகள் கதவை விரலளவு திறந்து, "வந்துட்டேன்," என்றாள். செங்கல் வைத்த சோபாவுக்கு அடியில் யாரோ புல்லை மென்றுகொண்டிருந்த சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அவள் போய்க் கையைக் கழுவினாள்.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஞாபகம் வந்திருக்கும். உங்கள் மேலதிகாரியாக இருக்கலாம், சகலையாக இருக்கலாம். அப்படியே அவரைப் பற்றி எழுதியதுபோல் இருக்கிறதே என்று சிரித்திருப்பீர்கள். நல்லது. இதை அவருக்குப் படிக்கக் கொடுக்கலாமா, கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாரா, இப்போதே கொடுப்பதா, நல்ல சமயமாகப் பார்த்துக் கொடுப்பதா, நேரில் நீட்டுவதா, மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதா என்று இந்த நிமிடம் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா?

தெரிந்தது. உங்கள் வீட்டு வாசலில் அழைப்புமணி இருக்கிறதா என்று எதற்கும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போது புதுப் பிரேம் போட்டிருக்கிறார், மகள் காட்டியது. குடைக்கும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறாராம். முன்னறைச் சுவரில், முயல் எட்டாத உயரத்தில், அக்காவின் படத்துக்காக அடித்த அந்த ஆணி இருக்கிறது. மேசை விளக்கின் ஒயர்தான் இன்னும் அதில் தொங்குகிறது.